டீசல் பில்ட்டர்: நாமே மாற்றுவோம், நட்டத்தைத் தவிர்ப்போம்

கடைக்குப் பூட்டுப் போடுகிறோம். கொள்முதலுக்குக் கணக்கு எழுதுகிறோம். தராசைச் சரிபார்க்கிறோம். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் வாகனத்தின் பொனெட்டை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பவர்கள் எங்களில் எத்தனை பேர்?

நானும் திறந்து பார்க்காதவன்தான். உடுப்பிட்டியில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். என்னிடம் இருப்பது 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.8 லீட்டர் டீசல் எஞ்சின். அதில் டீசல் பில்ட்டர் எங்கே இருக்கிறது என்று 2022ஆம் ஆண்டு வரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு லோட் தக்காளியும், நல்லதொரு சாரதியின் மனமும் விலையாகப் போயின. வாசகர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீட்டர் ஒட்டோ டீசல், 2022 ஜூன் 26ஆம் திகதி 460 ரூபாவுக்கு வந்தது. பணம் இருந்தாலும் டீசல் இல்லை. வரிசையில் நாள்கணக்கில் நின்றோம். நான் ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்து, குழாய் வைத்து வளவுக்குள் இருந்த பழைய இரும்புப் பரலுக்குள் இறக்கி வைத்தேன். எல்லோரும் தவிக்கும்போது அப்படிப் பதுக்கியது சரியில்லை. அதை இப்போது ஒளிக்கவில்லை.

ஜூலை நடுப்பகுதியில் அந்தப் பரல் டீசலை ஊற்றி, சாரதியைத் தம்புள்ளைக்கு அனுப்பினேன். தக்காளியும் கறிமிளகாயும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ஏ-9 வீதியில் மாங்குளம் தாண்டியதும் இரவு 11 மணிக்கு அழைப்பு வந்தது.

"அண்ணை, வண்டி நிண்டிட்டுது. சும்மா ஸ்டார்ட்டிலை நிக்குது, லோட்டோடை மிதிச்சா மூச்சு அடைக்கிற மாதிரி அமத்துது."

அந்த நேரத்தில் இழுத்துவர எந்த வாகனமும் கிடைக்கவில்லை. மறுநாள் மதியம்தான் சரக்கு உடுப்பிட்டிக்கு வந்தது. வெயிலில் நின்ற தக்காளியில் பாதி கசிந்துவிட்டது. மீதியை வந்த விலைக்குத் தள்ளினேன்.

எனக்கு உடனே வந்தது சந்தேகம். அப்போது மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபா, டீசல் 400க்கு மேல். டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் இருந்தது. "டீசலை வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்தினியோ?" என்று கடை வாசலில், நாலு பேர் பார்க்கக் கேட்டேன். அந்தத் தம்பி பதில் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாவைப் பிடித்தேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, நெல்லியடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பில்ட்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்து, வந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து மதிலில் வைத்தார். பத்து நிமிடத்தில் போத்தலின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. அதற்கும் அடியில் செம்மண் போலத் துரு.

"தம்பி, மண்ணெண்ணெய் டீசலோடை கலந்தா இப்பிடிப் பிரிஞ்சு நிக்காது. இது தண்ணி. எங்கை இருந்து டீசல் அடிச்சனீர்?"

நான் பதில் சொல்லாமல் வளவுக்குள் இருந்த பரலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அன்று பின்னேரமே சாரதியின் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அடுத்த நாள் அவரைக் கடைக்கு அழைத்து, முதலில் கேட்ட அதே நாலு பேருக்கு முன்னால் பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் திரும்பி வந்தது என் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு பில்ட்டர் மாற்றும் வேலையை நாங்கள் இருவரும் சேர்ந்தே அந்த மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டோம்.

பில்ட்டர் என்ன செய்கிறது?

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலை மிக நுண்ணிய தூவலாகப் பீச்சியே எரிக்கிறார்கள். அந்தத் தூவலைச் செய்வது டீசல் பம்பும் இன்ஜெக்டரும். அவற்றின் உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஒருசில மைக்ரோன் மட்டுமே. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் பிக்கப்புகளில் உள்ள பெரும்பாலான டீசல் பம்புகளுக்குத் தனியாக ஒயில் கிடையாது. அவற்றை வழுக்க வைப்பதே டீசல்தான். டீசலோடு தண்ணீர் போனால் அந்த வழுக்கல் போய்விடும். உள்ளே துருப்பிடிக்கும், தேயும். பில்ட்டரின் விலையையும் பம்ப் திருத்தும் செலவையும் உங்கள் ஊர்க் கராஜில் கேட்டுப் பாருங்கள். பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

பில்ட்டர் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே மடித்து வைத்திருக்கும் கடதாசி தூசையும் துருவையும் பிடிக்கிறது. டீசலைவிடத் தண்ணீர் பாரமானது என்பதால் அது அடியில் தங்குகிறது. பல பிக்கப்புகளில் அந்தத் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் வந்தால் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். என் வாகனத்தில் அந்த பல்ப் எரிந்துபோய் வருடங்கள். அதை மாற்றாமல் விட்டவனும் நான்தான்.

அடைபட்டதை எப்படி அறிவது?

காலையில் ஸ்டார்ட் ஆக அதிக நேரம் எடுக்கும். வெறும் வண்டியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோட் ஏற்றினால் இழுவை குறையும். வேகத்தைக் கூட்ட மிதித்தால் விட்டுவிட்டு இழுக்கும். நின்ற பின் சற்றுப் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நிற்கும்.

எல்லாவற்றுக்கும் டீசல் பில்ட்டரே காரணம் என்று நினைக்கவும் கூடாது. காற்றுப் பில்ட்டர் அடைபட்டாலும் இழுவை குறையும். ஆனால் அப்போது கறுப்புப் புகை அதிகம் வரும். தாங்கியிலிருந்து வரும் குழாயில் வெடிப்பு இருந்து காற்று இழுத்தாலும் எஞ்சின் அமர்ந்துவிடும். புதுப் பில்ட்டர் போட்டு இரண்டு வாரத்தில் மீண்டும் அடைபட்டால் குற்றம் தாங்கியில் இருக்கிறது. தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். கைநூலில் உள்ளதே சரியான கணக்கு. டீசலின் தரத்தில் சந்தேகம் இருந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். நான் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

வேலைக்கு முன்

புதுப் பில்ட்டர் வாங்கப் போகும்போது பழைய பில்ட்டரில் உள்ள இலக்கத்தையும் வாகனத்தின் செஸி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பில்ட்டர்களின் புரி வேறாக இருக்கலாம். புதிய ரப்பர் வளையங்கள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் போலி உருப்படியை வாங்காதீர்கள். அதன் கடதாசி கிழிந்தால் பில்ட்டர் இல்லாமல் ஓடுவதற்குச் சமம்.

தேவையானவை: வெட்டிய ஒயில் கான் போன்ற ஒரு ஏந்துபாத்திரம், சுத்தமான துணி, கண்ணாடிப் போத்தல், பில்ட்டர் கழற்றும் பட்டிச் சாவி, குறடு. பட்டிச் சாவி இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டிச் சுற்றிப் பிடித்தாலும் பிடி கிடைக்கும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வாகனம் சமதரையில், கைப்பிரேக் போட்டு, வெளியில் நிற்க வேண்டும். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் சிகரட், அடுப்பு எதுவும் கூடாது. ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மாற்றும் முறை

நான் சொல்வது என் ஹைலக்ஸ் போன்ற, பில்ட்டர் முழுதாகத் திருகிக் கழன்று வரும் வாகனங்களுக்கு. வேறு வகைகளில் சட்டிக்குள் உள்ள கடதாசி உருளை மட்டும் மாறும். வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலாவது, திறக்க முன் துடையுங்கள். பில்ட்டரின் தலைப்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணையும் கிறீசையும் நன்றாகத் துடைத்த பின்பே எதையும் கழற்ற வேண்டும். எங்கள் வீதிகளின் புழுதி உள்ளே போக இதைவிட நல்ல சந்தர்ப்பம் அதற்குக் கிடைக்காது.

இரண்டாவது, பில்ட்டரின் கீழே துணி விரியுங்கள். என்னுடைய எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. பெல்ட், ரப்பர் குழாய், ஒல்டனேற்றர் ஆகியவற்றில் டீசல் ஊறக்கூடாது.

மூன்றாவது, அடியில் உள்ள தண்ணீர் அறியும் கருவியின் வயர்ச் சொக்கெட்டைக் கழற்றி, வடிதிருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். உங்கள் டீசலின் கதையை அந்தப் போத்தல் சொல்லும்.

நான்காவது, பில்ட்டரை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றுங்கள். நிமிர்த்தியபடியே இறக்குங்கள், உள்ளே டீசல் இருக்கும். பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இருக்க அதன்மேல் புதியதையும் பூட்டினால் டீசல் கசியும், காற்றும் இழுக்கும். அனுபவமுள்ளவர்களும் விடும் பிழை இது.

ஐந்தாவது, அடியில் உள்ள கருவியைப் பழைய பில்ட்டரிலிருந்து கழற்றிப் புதியதில் புது வளையத்தோடு பூட்டுங்கள். அது பிளாஸ்டிக். அளவுக்கு மேல் இறுக்கினால் வெடிக்கும்.

ஆறாவது, மேல் ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலை விரலால் தடவி, பில்ட்டரைக் கையாலேயே திருகுங்கள். ரப்பர் தொட்டதும், பில்ட்டரின் உடம்பில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் அது முக்கால் சுற்று. பட்டிச் சாவி கழற்றுவதற்கு மட்டும்தான்.

புதுப் பில்ட்டருக்குள் டீசல் ஊற்றிப் பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். நடு ஓட்டையில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டாமலே நேரே பம்புக்குப் போகும். கைப்பம்ப் இருக்கும் வாகனத்தில் ஊற்றவே தேவையில்லை.

ஏழாவது, காற்று எடுத்தல். பில்ட்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை உள்ளங்கையால் அமத்துங்கள். முதலில் இலகுவாக இருக்கும். டீசல் நிரம்ப நிரம்பக் கடினமாகும். சில நேரம் ஐம்பது, அறுபது தடவைகூட அமத்த வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். காற்றுத் திருகு உள்ள வாகனமானால், அதைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். கைப்பம்ப் இல்லாமல் மின்சாரப் பம்ப் உள்ளவற்றில், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஓன் நிலைக்குத் திருப்பிச் சில வினாடி வைத்து, மீண்டும் மீண்டும் அப்படிச் செய்ய வேண்டும்.

எட்டாவது, பற்றரி வயரையும் சொக்கெட்டையும் பூட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். பத்து வினாடி சுற்றி, அரை நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் சேர்த்துச் செலவு வரும். பிடித்ததும் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சுற்றிவரக் கசிவு பாருங்கள். பிறகு லோட் இல்லாமல் ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி பாருங்கள். நாங்கள் உடுப்பிட்டியிலிருந்து வல்லை வெளிவரை ஓடித் திரும்புவோம்.

கொமன் ரெயில் எஞ்சின் உள்ளவர்கள் கவனிக்க

2000க்குப் பிறகு வந்த பல பிக்கப்புகளில் இருப்பது கொமன் ரெயில் முறை. அதில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். கொமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். பார்வைக்கு ஊசி குத்தியது போலத்தான் இருக்கும். உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பில்ட்டரை மட்டும் மாற்றி, முறைப்படி காற்று எடுத்து, அதற்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் கராஜுக்குக் கொடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வாகனத்திலும் முகவரிடமே செய்வது நல்லது.

பழைய பில்ட்டரை எறிய முன்

உள்ளே உள்ள கடதாசியை வெட்டிப் பாருங்கள். செந்நிறத் துரு என்றால் தாங்கியோ பரலோ துருப்பிடித்திருக்கிறது. கறுப்பாக வழுவழுப்பாக இருந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் தாங்கியில் குடியேறிவிட்டன. தாங்கியைக் கழுவ வேண்டும். இரும்புத் தூள் மினுங்கினால் அது பாகங்கள் தேய்வதன் அறிகுறி. மேற்கொண்டு ஓடாமல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வடித்த டீசலை வளவில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. நாம் ஊற்றுவது ஒரு போத்தல்தான் என்றாலும் குடிப்பது அதே நிலத்தடி நீரை. மூடிய கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் சேவிஸ் நிலையத்தில் கொடுங்கள்.

பரல் எனக்குச் சொல்லித்தந்தது

தண்ணீர் எப்படிப் பரலுக்குள் போனது? நான் அதை வெட்ட வெளியில் நிமிர்த்தி வைத்திருந்தேன். மழை பெய்தால் மேல்மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகிப் பரலின் உள்ளே உள்ள காற்று விரியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, சரியாக இறுகாத மூடி வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பாதி வெறுமையான பரலில் காற்றின் ஈரமும் உள்சுவரில் வியர்த்து வடியும். வாகனத் தாங்கிக்கும் இந்தப் பின்னது பொருந்தும். ஆகவே வேலை முடிந்து இரவு நிறுத்தும்போது தாங்கி கூடியவரை நிறைந்திருப்பது நல்லது.

எங்கள் மக்கள் எரிபொருளோடு போராடியது புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கைகள் எங்களுடையவை. ஒரு பில்ட்டர் மாற்றுவது அந்தக் கைகளுக்குப் பெரிய வேலையல்ல.

கடைசியாக

இப்போது என் வாகனத்தில் சீற்றுக்குப் பின்னால் ஒரு புதுப் பில்ட்டர், பட்டிச் சாவி, துணி, வெறும் போத்தல் எப்போதும் இருக்கும். மீட்டர் பல்ப் மாற்றியாயிற்று. பில்ட்டர் மாற்றிய திகதியும் கிலோமீற்றரும் கொள்முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதப்படும். மாதம் ஒருமுறை வடிதிருகைத் திறந்து போத்தலில் பிடித்துப் பார்க்கிறோம். 2023இல் ஒருநாள் இரவு முறிகண்டிக்குக் கிட்ட வண்டி மறுபடி அமத்தியபோது, சாரதி எனக்கு அழைப்பு எடுத்தது பில்ட்டரை மாற்றி முடித்த பிறகுதான். "மாத்தியாச்சு அண்ணை, வெளிக்கிட்டிட்டன்" என்றார். விடிய முன் சரக்கு கடையில் இருந்தது.

வியாபாரச் சகோதரர்களே, வாகனம் நின்றால் முதலில் பில்ட்டரைத் திறந்து பாருங்கள். அதைத் திறக்க முன் சாரதியைக் குற்றம் சொல்லாதீர்கள். தக்காளியில் போன காசை அடுத்த லோட்டில் எடுத்துவிட்டேன். கடை வாசலில் நாலு பேருக்கு முன்னால் கேட்ட அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு வெகுநாள் சென்றது.